வீட்டுக்குள் வந்த வீட்டு விளம்பரம்

காப்பீட்டு நிறுவனத்தில் அவளுக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். லாரி இடித்துக் கார் கதவு நசுங்கிவிட்டது என்று யாராவது இழப்பீடு கேட்டு எழுதினால், கூடவே வரும் படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, அது லாரி இடித்த நசுங்கலா, தானே கொண்டுபோய்த் தூணில் செருகிக்கொண்ட நசுங்கலா என்று அவள் சொல்ல வேண்டும். பெயிண்ட் எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது, துரு புதுசா பழசா என்று பார்த்துப் பார்த்து அந்தக் குணம் வீட்டுக்கும் வந்துவிட்டது. புருஷன் "பஸ் லேட்டு" என்று சொன்னால் அவள் கண் முதலில் அவன் செருப்பைப் பார்க்கும். கொழுந்தன் அவளுக்கு வைத்திருந்த பெயர் சி.ஐ.டி. அண்ணி. வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

அப்படிப்பட்டவள் அந்த விளம்பரத்தை முதலில் கண்டுகொள்ளவே இல்லை. ஒருநாள் காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு போனில் செய்தி படித்துக்கொண்டிருந்தாள். செய்திக்கு நடுவில் ஒரு படம்: வெயில் விழும் சன்னல், ஒற்றைக் கட்டில், ஒற்றை நாற்காலி. "கடற்கரை நகரத்தில் ஓர் அறை வீடு. இன்றே குடியேறலாம்." கடற்கரை நகரம் என்றால் ரயிலில் பாதி நாள் பயணம். அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள் என்று தள்ளிவிட்டாள்.

மறுநாளும் வந்தது. டேப்லெட்டில் வார்த்தை விளையாட்டு ஆடும்போது வந்தது. சாயங்காலம் டி.வி.யைப் போட்டால், முதல் திரையின் ஓரத்தில் அதே ஒற்றைக் கட்டில், அதே நாற்காலி. அவள் அப்படி எதையும் தேடியதே இல்லை. இன்னொன்றும் கவனித்தாள். அலுவலகத்து இன்டர்நெட் இணைப்பில் இருந்தால் அந்த விளம்பரம் வருவதில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் வந்துவிடுகிறது.

அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டாள்.

"வீட்டுக்கு ஒரே இன்டர்நெட் லைன்தானேம்மா? அப்போ விளம்பரக் கம்பெனிக்காரங்களுக்கு நீங்க எல்லாரும் ஒரே ஆள் மாதிரி. ஒருத்தர் வெங்காயம் உரிச்சா வீட்டுல எல்லாருக்கும் கண்ணு எரியுதில்ல, அப்படித்தான். உங்க வீட்டுல யாரோ வீடு தேடுறாங்க" என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், வீடு மாறுறீங்களா?" என்றார்.

"இல்ல" என்றாள் அவள்.

வீட்டில் இருப்பதே மூன்று பேர். அவள், லிஃப்ட் மெக்கானிக்கான புருஷன், மாமியார். மாமியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டேப்லெட்டில் வார்த்தை விளையாட்டு ஆடுவாள், சமையலில் கை கொடுப்பாள், சத்தம் போட்டுப் பேசமாட்டாள். அவளை அந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மிச்சம் யார்? புருஷன்தான்.

அவனைக் கவனிக்க ஆரம்பித்தாள். கவனிக்க ஆரம்பித்தால் எல்லாமே தப்பாகத்தான் தெரிந்தது. போனைக் கவிழ்த்து வைக்கிறான். போன் வந்தால் பெயரைப் பார்த்துவிட்டு மாடிப்படிக்குப் போய்ப் பேசுகிறான். திரும்பி வந்ததும், யாரும் கேட்காமலே, "வேலை விஷயம்" என்கிறான். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவனைப் பற்றி அலுவலகத்தில் அவளுக்கு ஒரு முடிவே உண்டு. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் அவனுக்குச் சோறு போட்டாள். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டது இன்னும் சந்தேகமாக இருந்தது.

விளம்பரமும் நாளுக்கு நாள் விவரமாகிக்கொண்டே போனது. முதலில் வெறும் ஓர் அறை வீடு. பிறகு "லிஃப்ட் வசதியுடன்" என்றது. லிஃப்ட் மெக்கானிக் வேறு எதைப் பார்ப்பான் என்று பல்லைக் கடித்தாள். அடுத்து "மருத்துவமனைக்கு அருகில்". கடைசியாக ஒருநாள், "பெண்கள் மட்டும் தங்கும் கட்டடம்."

அதை அவள் இரண்டு முறை படித்தாள். ஆக, தனக்கு இல்லை. ஒருத்திக்குப் பார்க்கிறான். மருத்துவமனைக்குப் பக்கத்தில் என்றால் அங்கே வேலை செய்கிற எவளோ ஒருத்திக்கு. எப்போதோ வெளியூர் ஆஸ்பத்திரி லிஃப்டைப் பழுது பார்க்கப் போன இடத்தில் பழக்கமாகியிருக்கும். கதை முழுவதும் அவள் மனத்தில் தானாகவே எழுதிக்கொண்டு போனது. எங்கும் ஓட்டை இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் கொழுந்தன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வெள்ளைப் பெட்டியோடு வந்து நின்றான். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பெரிய நிறுவனத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். அண்ணன் தம்பி இரண்டு பேரில் இவன்தான் வாயாடி.

"அண்ணி, இனிமே உங்க வீட்டுல விளம்பரமே வராது. போன், டேப்லெட், டி.வி. ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா எதுவும் போட வேண்டாம். மொத்த வீட்டுக்கும் இது ஒண்ணு போதும்."

அவள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் சன்னலைப் பார்த்தான்.

"திடீர்னு எதுக்கு?" என்றாள்.

"நானும் ரெண்டு நண்பர்களும் சேர்ந்து செய்யறோம். இந்த மாதிரிப் பெட்டி ஏற்கனவே இருக்கு, ஆனா அதை மாட்ட என்னை மாதிரி ஒருத்தன் வேணும். ஒண்ணும் தெரியாதவங்களும் மாட்டுற மாதிரிச் செய்யணும். அதுக்கு ஒண்ணும் தெரியாத வீடு வேணும். அதான் இங்க வந்தேன்."

"நல்ல மரியாதை!" என்றாள் மாமியார் சிரித்துக்கொண்டே. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். "குடுடா சின்னவனே, நான் மாட்டுறேன்."

"இது எப்படி வேலை செய்யும்?" என்று விடாமல் கேட்டாள் அவள்.

"வாசல்ல ஒரு ஆள் நிக்கிற மாதிரி அண்ணி. போன் விளம்பரக் கம்பெனியோட முகவரி எதுன்னு கேக்கும். இவன் 'அப்படி ஒரு முகவரியே கிடையாது'ன்னு சொல்லி அனுப்பிடுவான். விளம்பரம் எங்க இருந்து வரணும்னு தெரியாம நின்னு போயிடும்."

"அப்போ வீட்டுல யார் எந்த முகவரியைக் கேக்குறாங்கன்னு அவனுக்குத் தெரியும்?"

கொழுந்தன் ஒரு நொடி தயங்கினான். "தெரியும். ஆனா உடனே மறந்துடுவான். முதல்ல எல்லாத்தையும் காட்டுற மாதிரி ஒரு பக்கம் வெச்சிருந்தோம். அப்புறம் தூக்கிட்டோம். ஒரே வீட்டுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் வேவு பார்க்க அதுவே வழியாயிடும்."

"யார் சொல்லித் தூக்கினீங்க?"

"யாரும் சொல்லல அண்ணி! நாங்களேதான்."

அவள் நம்பவில்லை. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அண்ணன் மாட்டிக்கொள்ளப் போகிறான். தம்பி வந்து தடயத்தைத் துடைக்கிறான். இதுவரை அந்தப் பாழாய்ப்போன விளம்பரம்தான் அவள் பக்கம் இருந்த ஒரே சாட்சி. அதன் வாயையும் அடைக்க வந்திருக்கிறார்கள்.

நல்ல வேளையாக அன்று பெட்டியே அவளுக்கு உதவி செய்தது. கொழுந்தன் கையைக் கட்டிக்கொண்டு, "நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்க எங்க முழிக்கிறீங்கன்னு பாக்கணும்" என்று ஓரமாக நின்றான். மாமியார் குறிப்புத் தாளை விரித்துப் படித்தாள். "ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குச் சென்று டி.என்.எஸ். முகவரியை மாற்றவும்."

ரவுட்டரைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். "இதுல நிர்வாகப் பக்கம் எதுடா? லைட்டு எரியுற பக்கமா, ஒயரு இருக்குற பக்கமா?"

கொழுந்தன் உதட்டைக் கடித்துக்கொண்டு எதையோ குறித்துக்கொண்டான். "நான் பாக்குறேன்" என்று புருஷன் இறங்கினான். லிஃப்டையே கழற்றி மாட்டுகிறவனுக்கு இது என்ன பெரிய விஷயம்? எதையோ அமுக்கினான். வீட்டில் இன்டர்நெட் மொத்தமாகப் படுத்துவிட்டது. அதை எழுப்புவதற்குள் கொழுந்தனுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

"எடுத்துட்டுப் போ. எங்களுக்கு விளம்பரமே இருக்கட்டும்" என்றாள் அவள்.

"பாவம், விடு. சரி பண்ணி எடுத்துட்டு வரட்டும்" என்றாள் மாமியார். வாசல் வரை போய்ச் சின்னவனிடம், "எப்போடா கொண்டு வருவ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டது அவள் காதில் விழுந்தது. தாய்ப்பாசம் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த முறை அவன் வந்தபோது அவள் வீட்டில் இல்லை. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் அம்மாவும் பிள்ளைகள் இரண்டு பேரும் டீயும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தார்கள். டி.வி. அலமாரியில் வெள்ளைப் பெட்டி. அதில் பச்சை விளக்கு.

"அண்ணி! அம்மாவே மாட்டிட்டாங்க! நான் ஒரு வார்த்தை பேசல" என்று கொழுந்தன் குதித்தான். "நிர்வாகப் பக்கம், முகவரி, ஒரு மண்ணும் கிடையாது. வெளியில இருந்து வர்ற ஒயரை மஞ்சள் ஓட்டையில சொருகணும். நீல ஓட்டையில இருந்து ரவுட்டருக்கு. முடிஞ்சுது. ஏதாவது வேலை செய்யலைன்னா மேல இருக்குற பொத்தானை ஒரு தடவை அமுக்கினாப் போதும். கொஞ்ச நேரத்துக்கு எல்லாத்தையும் உள்ள விட்டுடும், அப்புறம் தானா அடைச்சுக்கும்."

அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் போனைத் திறந்தாள். செய்திக்கு நடுவில் கட்டில் இல்லை, நாற்காலி இல்லை. படம் இருந்த இடம் வெள்ளையாக, பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தது.

"யாரைக் கேட்டு மாட்டினீங்க?" என்றாள்.

சிரிப்பு நின்றது.

"உங்களைத்தான் கேக்குறேன்" என்று புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே கூப்பிட்டீங்க அவனை? நான் இல்லாத நேரமாப் பாத்து?"

புருஷன் தம்பியைப் பார்த்தான். தம்பி அண்ணனைப் பார்த்தான்.

"இதோ! இந்தப் பார்வை! எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் என்னத்தை மூடி மறைக்கிறீங்க? மாடிப்படியில நின்னு நின்னு யார்கிட்டப் பேசுறீங்க?"

"என்கிட்டதான் அண்ணி" என்றான் கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டு. "நான் வேலையை விட்டுட்டேன். இந்தப் பெட்டியை நம்பி. அம்மாவுக்குத் தெரிஞ்சா பயந்துடுவாங்கன்னு அண்ணன்கிட்ட மட்டும் சொன்னேன். உங்ககிட்டச் சொன்னா..."

"உன் மூஞ்சியைப் பாத்தே அம்மா கண்டுபிடிச்சுடுவாங்கன்னு நான்தான் சொல்ல வேணாம்னேன்" என்றான் புருஷன் அவளிடம்.

"வேலையை விட்டுட்டியா?" என்று மாமியார் டம்ளரைக் கீழே வைத்தாள்.

அவளுக்கு அடித்தளமே ஆடியது. மாடிப்படிப் பேச்சு கையை விட்டுப் போயிற்று. ஆனால் இவ்வளவு நாள் சுமந்ததை அப்படியே இறக்கி வைக்க முடியுமா? "அது அவன் கதை. சரி. அப்போ இது?" என்று நேரே போய்ப் பெட்டியின் பொத்தானை அமுக்கினாள். பச்சை விளக்கு மஞ்சளானது. டி.வி.யை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள்.

நான்கு பேரும் திரையைப் பார்த்தார்கள். ஓரத்தில் மெல்ல வந்து நின்றது. ஒற்றைக் கட்டில், ஒற்றை நாற்காலி, சன்னல் வெயில். "கடற்கரை நகரத்தில் பெண்களுக்கான ஓர் அறை வீடு. லிஃப்ட் வசதி. மருத்துவமனை அருகில்."

"இந்த வீடு யாருக்கு?" அவள் திரையை நோக்கி விரலை நீட்டினாள். "எந்த நர்ஸுக்குப் பாக்குறீங்க?"

புருஷன் வாயைப் பிளந்தான். நடிப்பா என்று அவள் உற்றுப் பார்த்தாள். ஏழு பிறவி எடுத்தாலும் அவனுக்கு அந்த நடிப்பு வராது என்று அந்தக் கணத்தில் அவளுக்கே தெரிந்தது.

"எனக்கும்மா" என்றாள் மாமியார். "அந்த நர்ஸ் நான்தான்."

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது.

"நான்தான் தேடிக்கிட்டிருக்கேன். டி.வி.யில வர ஆரம்பிச்சதும் பயந்துட்டேன். முடிவு பண்ணாம உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு பாத்தேன். அதான் இவன்கிட்டப் பெட்டியைச் சீக்கிரம் கொண்டு வாடான்னேன்."

"அதுக்கா ரெண்டு தடவை போன் பண்ணின?" என்றான் கொழுந்தன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என் பெட்டி மேல இருக்குற ஆசைன்னு நினைச்சேன்மா."

"ஏம்மா? இங்க என்ன குறை?" என்றான் புருஷன்.

"குறையா? ஒண்ணுமில்ல. பொறந்த வீட்டுல ஒரே அறையில நாங்க அக்கா தங்கச்சிங்க எல்லாரும். நர்ஸ் விடுதியில வரிசையாக் கட்டில். கல்யாணம் ஆனா உங்கப்பா, அவர் தம்பிங்க. அப்புறம் நீங்க ரெண்டு பேரு. இந்த வயசு வரைக்கும் நான் ஒரு கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்ததில்லடா. எப்படி இருக்கும்னு பாக்கணும். கூட வேலை பாத்தவ ஒருத்தி அந்த ஊர்லதான் இருக்கா. நல்ல காத்தாம்."

அவளுக்குச் சட்டென்று மாமியாரின் அறை கண்ணுக்குள் வந்தது. அந்த அறையைத் தாண்டித்தான் பால்கனி. பால்கனியில்தான் துணி துவைக்கும் மெஷின், துணி காயப்போடும் கொடி. ஈரத்துணி வாளியோடு அவளும், ரிப்பேர் செய்ய ஸ்க்ரூ டிரைவரோடு புருஷனும், நினைத்த நேரத்தில் அந்த அறைக்குள் நுழைந்து மறுபக்கம் போவார்கள். மாமியார் புடவை மாற்றிக்கொண்டிருந்தால் குளியலறைக்குப் போய்விடுவாள். கதவு எப்போதும் திறந்தே இருக்கும். அதன் முன்னால் ஒரு ஸ்டூல்கூட முட்டுக்கொடுத்திருந்தது. வண்டிக் கதவில் கடுகளவு கீறலைக் கண்டுபிடிக்கிறவள், தினம் கடந்து போன கதவைப் பார்த்ததே இல்லை.

புருஷன் எழுந்து மாடிப்படிக்குப் போய்விட்டான். கொழுந்தன் பின்னாலேயே போனான். அவளும் மாமியாரும் மட்டும் மிச்சம்.

"என்னாலயா அத்தை?" என்றாள்.

"இல்லைன்னு சொன்னா நம்புவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குக் கேக்குற?" மாமியார் அவள் தோளில் தொங்கிய பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். "டீ ஆறிப்போச்சு. சூடு பண்ணித் தரேன், குடி. புருஷன்கிட்ட மன்னிப்புக் கேக்குறதா இருந்தா அவன் கோபம் இறங்கினப்புறம் கேளு. இப்போக் கேட்டா ஒரு வாரம் முறுக்கிக்குவான்."

மறுநாள் அவள் துணிகளைக் கூடத்திலேயே கொடி கட்டிக் காயப்போட்டாள். ஸ்டூலை எடுத்து அறைக் கதவைச் சாத்தினாள். மாமியார் உள்ளேயிருந்து திறந்து, "இதுக்காக எல்லாம் நான் மனசு மாற மாட்டேன்மா. ஆனா சாத்தினது நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

முறுக்கிக்கொண்டது புருஷன்தான். பெண்டாட்டி சந்தேகப்பட்டதைக்கூடச் சீக்கிரம் மறந்துவிட்டான். "உன் மூளைக்கு வேற என்ன வரும்" என்று சொல்லிச் சிரித்தே விட்டான். அம்மா போவதைத்தான் தாங்க முடியவில்லை. பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்றான். மாமியார், "பாக்குறவங்களையும் வரச் சொல்லு, கட்டில் ஒண்ணுதான் இருக்கு, நின்னுட்டுப் போகட்டும்" என்றாள்.

கொழுந்தன் மட்டும் பெட்டியைப் பார்த்துக்கொண்டே யோசனையில் இருந்தான். "மாட்டுறதை இவ்வளவு சுலபமாக்கினதே தப்போ அண்ணி? முன்னாடி என்னைக் கூப்பிட்டுத்தான் மாட்டணும். நாலு பேருக்குத் தெரியும். இப்போ யார் வேணாலும் யாருக்கும் தெரியாம மாட்டிடலாம்."

"சுலபம் தப்பில்ல. உன் தாள்ல முதல் வரியா எழுது: வீட்டில் உள்ள எல்லோரிடமும் சொல்லிவிட்டு மாட்டவும்."

"அதை யார் படிப்பா?"

"பாதிப் பேர் படிக்க மாட்டாங்க. இருந்தாலும் எழுது."

அவன் எழுதினான். இப்போது விற்கிற பெட்டிகளில் மஞ்சள் ஓட்டைக்கும் நீல ஓட்டைக்கும் மேலே அந்த வரிதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக விற்கிறது. வாங்கினவர்களில் பலர் பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் பெற்றோர்கள் என்று அவன் சொன்னான்.

வீடு பார்க்க மாமியாரோடு அவளே ரயிலேறிப் போனாள். விளம்பரத்தில் வந்த அந்த வீட்டில் சன்னலும் வெயிலும் படத்தில் இருந்தபடியேதான் இருந்தன. ஆனால் கட்டில் போடுகிற சுவரில் பெயிண்ட் மட்டும் மற்ற சுவர்களைவிடப் புதுசு. அவள் குனிந்து, விரல் மடக்கித் தட்டி, மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். "உள்ள தண்ணி கசியுது. மேல பூசி மறைச்சிருக்காங்க" என்றாள். வீட்டைக் காட்ட வந்த தரகர் கூரையைப் பார்த்தார். மாமியார், "இவளைக் கூட்டிட்டு வந்தது வீண் போகல" என்றாள். பிறகு வேறு தெருவில், விளம்பரமே இல்லாமல், அங்கே கீழ்வீட்டில் இருக்கும் தையல்காரர் சொல்லிக் கிடைத்த ஓர் அறை வீட்டை முடித்தார்கள்.

மாமியார் குடியேறிய பிறகு முதல் முறையாக அவள் தனியாக அங்கே போனாள். கதவைத் தட்டினாள். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது; நின்றது. கதவு திறக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

"வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணக் கூடாதா?" என்றாள் மாமியார். கோபமில்லை; ஆனால் வேடிக்கையும் இல்லை. முடி சீராக வாரியிருந்தது. முகம் தெளிந்திருந்தது. "வா, உட்காரு."

ஒற்றை நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். காற்று நன்றாகத்தான் வந்தது. தொட்டி மேடையில் இரண்டு டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. இரண்டிலிருந்தும் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பின்படிக்கட்டுக்குப் போகும் கதவு கொஞ்சம் திறந்து ஆடியது. கூட வேலை பார்த்த தோழியாக இருக்கலாம். தையல்காரராகவும் இருக்கலாம். தோழி என்றால் ஏன் பின்கதவு வழியாகப் போக வேண்டும்?

கேள்வி அவளுக்கு நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. மாமியார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டீ போடட்டுமா?" என்றாள் மாமியார்.

"போடுங்க அத்தை" என்றாள் அவள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.